ரோட்டு ஆர்15-ஐ கிளப் ரேஸ் ஸ்க்ரூட்டினிக்குத் தயார் செய்தது: லாக் வயர், பெல்லி பேன், மற்ற வேலைகள்

தண்டையார்பேட்டை ஷெட்டில் பிரித்த பழைய யமஹா ஆர்15 வி2 இது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ஸ்க்ரூட்டினி (பந்தயத்துக்கு முன் நடக்கும் வண்டிச் சோதனை) பாஸ் ஆகி, ஒரு சொட்டு எண்ணெய் ட்ராக்கில் விழாமல் ஓடித் திரும்பியது. எஞ்சினுக்குள் கை வைக்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரில் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் காசில் பாதி போதும், ஸ்க்ரூட்டினி மேசையில் வண்டி திரும்பி வராமல் இருக்க. அங்கே பார்ப்பது வண்டியின் வேகத்தை இல்லை. எது கழன்று விழும், எது ஒழுகும், எது விரலைக் கடிக்கும் என்பதைத்தான்.

வண்டித் தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. வி2-வில் 149.8 சிசி, 8,500 ஆர்பிஎம்மில் 17 பிஎஸ், எடை 136 கிலோ, முன்னும் பின்னும் டிஸ்க். பார்ட்ஸ் புதுப்பேட்டையிலும் ஜிபி ரோட்டிலும் எப்போதும் கிடைக்கும். ஃபேரிங் உடைந்த வண்டியாகத் தேடினால் விலை இறங்கும், எப்படியும் அதைக் கழற்றத்தானே போகிறோம். ஆனால் ஸ்டீரிங் ஹெட் பக்கம் டெல்டாபாக்ஸ் ஃப்ரேமில் பெயின்ட் வெடித்திருந்தால் அந்த வண்டி வேண்டாம். காசிமேடு, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் வீட்டு வாசலில் நின்ற வண்டி என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: காலிப்பர் ஸ்லைடு பின்னும் ஸ்விங் ஆர்ம் போல்ட்டும் உப்புக் காற்றில் இறுகியிருக்கும். இந்த வண்டியில் இரண்டும் இறுகித்தான் இருந்தன. துரு எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் ஹீட் கன்னால் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கிய பிறகுதான் அசைந்தன. சுத்தியலால் அடித்தால் மரை போய்விடும். திரும்பப் போடும்போது ஸ்டீல் போல்ட் அலுமினியத்துக்குள் போகிற இடத்திலெல்லாம், மறுபடி இறுகிப் பிடிக்காமலிருக்க, ஆன்ட்டி சீஸ் பசை தடவினோம். கடலோர வண்டிக்கு இது தவிர்க்க முடியாத செலவு. ஆன்ட்டி சீஸ் தடவிய மரையில் டார்க்கை, அதாவது முறுக்கும் விசையை, சற்றுக் குறைத்துத்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் போல்ட் இழுபட்டு நீளும்.

கழற்ற வேண்டியவை: கண்ணாடிகள், இண்டிகேட்டர், ஹெட்லைட், டெயில் லைட், நம்பர் பிளேட், ஹாரன், சாரி கார்டு, பின் ஃபுட்ரெஸ்ட், சைடு ஸ்டாண்ட். சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் இருக்கிற வண்டி என்றால் ஒயரை இன்சுலேஷன் டேப்பில் சுற்றி விட்டுவிடாமல் சால்டர் செய்து முடிக்க வேண்டும். அதிர்வில் டேப் பிரிந்தால் வளைவின் நடுவில் எஞ்சின் நிற்கும். கிராஷ் கார்டு இருந்தால் அதுவும் போகட்டும். கழற்றியதையெல்லாம் போல்ட்டோடு பையில் போட்டு, பை மேல் எழுதி வைப்பது பிறகு மிகவும் உதவும்.

அடுத்தது லாக் வயர், அதாவது போல்ட் கழலாமல் கம்பியால் கட்டுவது. நேரம் அதிகம் தின்ற வேலை இதுதான். ஆயில் டிரெயின் போல்ட், ஆயில் ஃபில்லர் மூடி, ஆயில் ஃபில்டர் கவர் போல்ட்கள், இரண்டு காலிப்பர்களின் போல்ட்கள், இரண்டு ஆக்சில் நட்கள். இவை கட்டாயம் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் பந்தயத்தின் சப்ளிமென்டரி ரெகுலேஷனில் (அந்தப் பந்தயத்துக்கான தனி விதிகள்) இன்னும் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும்.

கம்பி 0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ். கட்டடத்துக்குக் கட்டும் கட்டுக்கம்பியை வைத்து முதலில் முயன்றதில், முறுக்கும்போதே இரண்டு இடத்தில் பூச்சு உரிந்தது. இந்த ஊர்க் காற்றில் அது ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்காது. செப்புக் கம்பி அதைவிட மோசம், அதிர்வில் களைத்துத் துண்டாகும். செம்புதாஸ் தெரு ஹார்டுவேர் கடைகளில் 304 ஸ்டெயின்லெஸ் கம்பி சுருளாகக் கிடைக்கிறது. சுமார் 400 ரூபாய்ச் சுருள் ஒன்று பல வண்டிகளுக்கு வரும்.

துளைக்கு 1.5 மி.மீ. டிரில் பிட். மஞ்சள் பூச்சுப் போட்ட மலிவான செட் வேண்டாம், ஒரு ஆலன் போல்ட்டுக்குள்ளேயே மூக்கு மழுங்கிவிடும். 5 சதவீதம் கோபால்ட் கலந்த பிட், ஒன்று நூறு ரூபாய்க்கு மேல். அரை டஜன் வாங்கினால் இரண்டு மிஞ்சலாம், மிஞ்சாமலும் போகலாம். பிட் உடைவது உள்ளே போகும்போது இல்லை, மறுபக்கம் வெளியே வரும் கடைசி அரை மில்லிமீட்டரில். அந்த இடத்தில் அழுத்தத்தைக் கிட்டத்தட்ட விட்டுவிட வேண்டும்.

கை டிரில்லில் இது நடக்காத காரியம். கை ஆடினால் பிட் முறியும், முறிந்த துண்டு துளைக்குள் சிக்கினால் போல்ட்டும் போச்சு. பென்ச் டிரில் இருக்கிற லேத் பட்டறையில் செய்வதுதான் சரி. வியாசர்பாடி பக்கம் ஒரு போல்ட்டுக்கு இவ்வளவு என்று பேசிச் செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டறைக்காரர் அவசரத்தில் இருந்தால் 2.5 மி.மீ. பிட்டைப் போட்டு முடித்துவிடப் பார்ப்பார். போல்ட் தலையின் மூலை பலவீனமாகிவிடும், நின்று சொல்லி வாங்க வேண்டும்.

முறை இப்படி. போல்ட்டை அலுமினியத் தகடு வைத்த வைஸில் பிடி. அறுகோணத் தலை என்றால் ஒரு மூலைக்குச் சற்றுத் தள்ளி, பக்கத்து முகத்தில் வெளியே வரும்படி சாய்த்து சென்டர் பஞ்ச் அடி. மையத்தை நோக்கித் துளைக்கத் தேவையில்லை. ஆலன் தலை என்றால் ஒரு சுவரைத் துளைத்து உள் குழிக்கு வந்து, எதிர்ச் சுவரையும் துளைக்க வேண்டும். சுமார் 2,000 ஆர்பிஎம், ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் பிட்டை வெளியே எடுத்து கட்டிங் ஆயில் ஒரு சொட்டு. 12.9 என்று தலையில் எழுதிய மிகக் கடினமான போல்ட் வந்தால் பொறுமை இரட்டிப்பாக வேண்டும். முடிந்ததும் இரு பக்கமும் பிசிறை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் துளையின் விளிம்பே கம்பியை அறுக்கும்.

பிறகு டார்க் ரெஞ்ச். சர்வீஸ் மேனுவல் அளவுக்கு முறுக்கிய பின்தான் கம்பி. துளை வசதியான பக்கம் நிற்கவில்லை என்று போல்ட்டைக் கொஞ்சம் பின்னால் தளர்த்துவது பலரும் செய்வது, அது கூடவே கூடாது. அதற்காகத்தான் ஒவ்வொரு தலையிலும் இரண்டு துளை போடுவது. கம்பி எப்போதும் போல்ட்டை இறுக்கும் திசையில் இழுக்க வேண்டும். இரண்டு போல்ட்டைச் சேர்த்துக் கட்டினால் கம்பியின் போக்கு ‘எஸ்’ வடிவில் வரும். அப்படி வரவில்லை என்றால் ஒன்று தப்பு. முறுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மூன்று. அதிகம் முறுக்கினால் கம்பி இறுகி, வளைக்கும்போது ஒடியும். வால் நுனியை உள்பக்கம் சுருட்டி மடக்கி விட வேண்டும், இல்லையென்றால் அடுத்த முறை சுத்தம் செய்பவர் கை கிழியும். லாக் வயர் பிளையர் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். சாதாரண கட்டிங் பிளையரிலும் முறுக்கலாம், சீராக வராது, அவ்வளவுதான்.

ஃபில்லர் மூடி பிளாஸ்டிக். கைப்பிடி இறக்கையில் துளை போட்டு, பக்கத்து எஞ்சின் கவர் போல்ட்டுக்குக் கட்டியது. இந்த ஒரு இடத்தில் கை டிரில்லே போதும்.

இரண்டாவது பெரிய வேலை பெல்லி பேன், எஞ்சினுக்கு அடியில் வரும் தொட்டி. எஞ்சினும் ரேடியேட்டரும் உடைந்தால் கொட்டுவதில் பாதியாவது வண்டிக்கு அடியிலேயே தங்க வேண்டும் என்பது சாலைப் பந்தய விதி. ஆர்15-ன் கீழ் ஃபேரிங் பார்க்கத்தான் பெல்லி பேன். நடுவில் இடைவெளி, பக்கத்தில் காற்றுத் துளைகள், ஒரு டம்ளர் தண்ணீர் கூட நிற்காது.

வடசென்னையில் இதற்கு ஒரு வசதி உண்டு. காசிமேட்டிலிருந்து பழவேற்காடு வரை ஃபைபர் படகு பழுது பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மேட் (கண்ணாடி இழை விரிப்பு), ரெசின், அதை இறுக வைக்கும் ஹார்டனர் எல்லாம் சில்லறையில் கிடைக்கும், கை தேர்ந்த ஆளும் கிடைப்பார். பைக் ஆக்சசரி கடையில் ரெடிமேட் பேனுக்குச் சொல்லும் விலையில் கால் பங்கு.

முதலில் செய்தது குறுக்கு வழி: ஒரிஜினல் பிளாஸ்டிக்கின் உள்பக்கம் உப்புத்தாளில் தேய்த்து, அதன் மேலேயே மேட் ஒட்டியது. ஷெட்டில் உறுதியாக நின்றது. எஞ்சினை இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கியதும் ஓரத்தில் பிரிந்து, தட்டியதும் முழுத் தகடாகக் கையோடு வந்துவிட்டது. பாலியெஸ்டர் ரெசின் அந்த வகைப் பிளாஸ்டிக்கைப் பிடிப்பதில்லை. எவ்வளவு தேய்த்தாலும் பிடிப்பு மேலோட்டம்தான். ஆகவே அதே பிளாஸ்டிக்கை அச்சாக மட்டும் வைத்துத் தனிப் பேன் எடுத்தது. துளைகளையும் நடு இடைவெளியையும் அட்டையும் பேக்கிங் டேப்பும் வைத்து அடைத்து, அச்சில் ஒட்டாமல் பிரிந்து வர மோல்டு வேக்ஸ் நான்கு பூச்சு, அதன் மேல் பிவிஏ ஒரு பூச்சு, காய்ந்த பின் ஃபைபர்.

அளவுகள்: ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட், இரண்டு அடுக்கு. போல்ட் வரும் இடங்களில் மட்டும் மூன்றாவது அடுக்கு. மொத்தம் அரை கிலோ மேட், ஒன்றேகால் கிலோ ரெசின். ரெசின் எடை மேட்டின் எடையைப் போல இரண்டரை மடங்கைத் தாண்டினால் பேன் கனமாகும், உடையவும் செய்யும். ஹார்டனர் டப்பாவில் 2 சதவீதம் வரை போடலாம் என்று இருக்கும். சென்னை மதியத்தில் 1 சதவீதமே கால் மணி நேரத்தில் கட்டியாக்கிவிடுகிறது. கால் கிலோ ரெசினுக்கு இரண்டரை மி.லி., ஊசிபோடும் சிரிஞ்சில் அளந்து, கால் கிலோ கால் கிலோவாகக் கலக்குவதே நல்லது. ஒரேயடியாகக் கலக்கினால் டப்பாவே சூடேறிப் புகையும். மழை நாளில் செய்ய வேண்டாம், வெள்ளை பூக்கும்.

ஒரு எச்சரிக்கை. கோபால்ட் ஆக்ஸிலரேட்டரும் ஹார்டனரும் தனித்தனி பாட்டிலில் வரும். இரண்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ஆக்ஸிலரேட்டர் ஏற்கெனவே கலந்த ரெசினாகக் கேட்டு வாங்கினால் இந்த வம்பே இல்லை.

ஓரச் சுவர் 50 மி.மீ. உயரம். முன்புறம் இன்னும் கொஞ்சம் ஏற்றி வைத்தது, பிரேக் அடிக்கும்போது எண்ணெய் முன்னால் பாயும். அடியில் 25 மி.மீ. துளை, ரப்பர் அடைப்பான். மழைப் பந்தயம் என்று அறிவித்தால் மட்டும் அதைத் திறக்க வேண்டும். சைலன்சர் பைப் எஞ்சினுக்கு அடியில் போவதால் பேனுக்கும் பைப்புக்கும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். பாலியெஸ்டர் 80 டிகிரிக்கு அருகிலேயே இளகத் தொடங்கும். பேனில் பைப்பைப் பார்க்கும் பக்கத்தில் அலுமினிய ஹீட் டேப் ஒட்டியது. பேடாக் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி மூன்று லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டதில் ஒரு போல்ட் துளையில் கசிந்தது. ரப்பர் வாஷர் போட்டதும் நின்றது.

கூலன்ட்டைக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கூலன்ட்டில் உள்ள கிளைகால் ட்ராக்கில் சிந்தினால் கழுவினாலும் வழுக்கும் என்பதால் அனுமதி இல்லை. போர் தண்ணீர் வேண்டாம், ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படியும். பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீர் போதும். எஞ்சினின் உள் காற்றை வெளியே விடும் பிரீதர் பைப்பை அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கொண்டுபோய், பாட்டிலை ஜிப் டையில் கட்டாமல் கிளாம்ப் வைத்து ஃப்ரேமோடு பிடித்தது. ஒவ்வொரு செஷனுக்கும் முன் காலி செய்ய வேண்டும்.

செயினுக்கு வருவோம். வி2-வில் 15 பல் முன், 47 பல் பின், 428 செயின். உங்கள் வண்டியில் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய வண்டியில் எவனோ எதையோ மாற்றியிருப்பான். முன் 14 போட்டால் மலிவு, உடனே பிக்கப் தெரியும் என்று எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் மூன்றரைப் பல் கூட்டுவதற்குச் சமம். கிட்டத்தட்ட 7 சதவீத மாற்றம், மெயின் ஸ்ட்ரெய்ட் முடியும் முன்பே ஆறாவது கியரில் லிமிட்டர் (எஞ்சின் அதற்கு மேல் சுற்றாமல் தடுப்பது) தட்டும். செயினும் சின்ன வட்டத்தில் வளைவதால் ஸ்விங் ஆர்ம் மேலுள்ள ரப்பர் ஸ்லைடரை அறுக்கும். திரும்ப 15 போட்டு, பின்னால் 49 வைத்ததில் பொருத்தம் கிடைத்தது. ஸ்ட்ரெய்ட்டின் கடைசியில், பிரேக் பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன் ஆறாவது கியரில் 8,500-ஐத் தாண்டியிருக்க வேண்டும். அதுதான் அளவுகோல். 3.717 கி.மீ. ட்ராக்கில் முதல் வளைவே வேகமான வலது, அதற்குள் நுழையும்போது லிமிட்டரில் துடிக்கிற எஞ்சின் நல்லதில்லை.

செயின் தளர்வைப் பார்க்க, முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் மையம், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்வரை ஆளை உட்கார வைத்து அமுக்க வேண்டும். செயின் அங்கேதான் அதிகம் இறுகும். அந்த நிலையிலும் ஒரு சென்டிமீட்டர் ஆட வேண்டும். கிளிப் லாக்குக்குப் பதில் ரிவெட் லிங்க் போட்டது. கிளிப்பே போடுகிறவர்கள் திறந்த வாய் செயின் ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி மாட்டி, மேலே சிலிகான் தடவட்டும்.

பின் ஸ்ப்ராக்கெட்டுக்குக் கீழே செயின் ஏறும் இடத்தில் சுறாத் துடுப்பு மாதிரி ஒரு தடுப்பு வேண்டும், விழுந்தவரின் விரல் உள்ளே போகாமலிருக்க. சமையலறைக் காய் வெட்டும் பிளாஸ்டிக் பலகையில் ஹாக்சாவால் வெட்டி, ஓரத்தை அரத்தில் உருட்டி, ஸ்விங் ஆர்மில் இரண்டு போல்ட். பாரிமுனை நடைபாதையில் வாங்கிய பலகை 120 ரூபாய். மேசையில் இதைத்தான் முதலில் தட்டிப் பார்த்தார்கள்.

பிரேக்கில் புது டாட் 4 ஆயில், முன்னால் சின்டர்டு பேட், ஸ்டீல் பின்னல் ஹோஸ். திறந்து வைத்த பழைய பாட்டில் ஆயில் வேண்டாம். இந்த ஈரக் காற்றில் தண்ணீர் இழுத்து, 230 டிகிரியில் கொதிக்க வேண்டியது 155-க்கு இறங்கிவிடும், சில சுற்றுக்குப் பிறகு லீவர் ஹேண்டில்பார் வரை வரும். த்ராட்டில், ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்தாலும், விட்டதும் டப்பென்று மூட வேண்டும். கேபிள் போக்கை மாற்றியவர்களுக்கு இங்கேதான் தகராறு வருகிறது.

டயர் அளவு ஒரிஜினலே: முன் 90/80-17, பின் 130/70-17. பக்கவாட்டில் உள்ள நான்கு எண்ணில் கடைசி இரண்டு ஆண்டு, முதல் இரண்டு வாரம். பழையதாக இருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடுங்கள். ரோட்டு அழுத்தத்தை அப்படியே வைத்தால் வழுக்கும். நிழலில், குளிர்ந்த டயரில் முன் 26, பின் 28 பிஎஸ்ஐ என்று ஆரம்பித்து, வெளியே வந்த உடனே அளக்க வேண்டும். 4 பிஎஸ்ஐ-க்கு மேல் ஏறியிருந்தால் ஆரம்ப அழுத்தம் குறைவு, டயர் அதிகம் நெளிந்து சூடாகிறது என்று பொருள். அசைந்ததே இல்லையென்றால் அதிகம். பங்க் மீட்டரை நம்ப வேண்டாம், சொந்த கேஜ் ஒன்று வேண்டும். ட்ராக் கடிகாரச் சுற்றில் போவதால் டயரின் வலது ஓரம்தான் முதலில் தேயும்.

ஆளுக்கான உடைகளில் ஒட்டு மொத்தச் செலவில் பாதி போய்விடும். ஒரே துண்டு லெதர் சூட் 25,000 ரூபாய்க்குக் கீழே நல்லது கிடைப்பது கடினம். பழைய சூட் வாங்கினால் பெரியமேட்டில் காட்டி முட்டி, முழங்கை, இருக்கைத் தையல்களை நைலான் நூலில் மறுபடி போட்டு வாங்கலாம். பருத்தி நூலில் போட்டுத் தந்தால் திருப்பிக் கொடுங்கள், உரசலில் தையல் முதலில் விடும். ஹெல்மெட் பட்டையில் டபுள் டி வளையம், ஸ்னெல் அல்லது ஈசிஇ பாதுகாப்பு முத்திரை. மணிக்கட்டைத் தாண்டும் கையுறை, கணுக்காலை மூடும் பூட், முதுகுக் கவசம். நாட்டின் மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்எம்எஸ்சிஐ அமைப்பின் போட்டி உரிமத்துக்கு மருத்துவச் சான்றும் ரத்த வகையும் கேட்பார்கள். பந்தய வாரத்தில் ஓடாமல் முன்பே எடுத்து வைக்க வேண்டும்.

லைட்டும் நம்பர் பிளேட்டும் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டிப் போக முடியாது. சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் செங்குன்றம் தாண்டினால் வந்துவிடும். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை வந்ததிலிருந்து வடசென்னை ஆட்கள் ஊரையே சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது. குட்டி யானை பேசி, மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வழியாக நசரத்பேட்டை, அங்கிருந்து பெங்களூரு ரோடு. எண்ணூர் கன்டெய்னர் லாரி வரிசையைத் தவிர்க்க இதுவே வழி. ஏழடித் தொட்டியில் ஆர்15 நேராகவே நிற்கும். ராட்செட் பட்டை நான்கு. முன் பட்டைகளை ஹேண்டிலில் மாட்டாமல் ஃபோர்க்கைப் பிடிக்கும் கீழ் டிரிபிள் கிளாம்பில் துணி வளையம் போட்டு மாட்டி, ஃபோர்க் பாதி அமுங்கும் வரை இழுத்தது. முழுக்க அமுக்கினால் சீல் போகும்.

லாக் வயர், பிட், லேத் கூலி எல்லாம் சேர்ந்து சுமார் 2,500. பெல்லி பேன் வீணான முதல் முயற்சியோடு 3,000. ஸ்ப்ராக்கெட், செயின் 3,500. பிரேக் 5,000-ஐ ஒட்டி. டயர் தனி.

அடுத்த வண்டியில் மாற்றப்போவது: ஒரிஜினல் போல்ட்டைத் துளைக்காமல் ஷோரூமில் புதுப் போல்ட் வாங்கித் துளைத்து, பழையதைப் பத்திரமாக வைப்பது. பெல்லி பேனை ஆரம்பத்திலேயே அச்சில் எடுப்பது. முன் ஃபுட்ரெஸ்ட் நுனிகளைப் பந்து மாதிரி உருட்டிய நைலானில் செய்வது, வலது பக்கம் உரசி ஏற்கெனவே கூராகிவிட்டது. ட்ராக்கிலிருந்து வந்த அன்றே ரேடியேட்டர் தண்ணீரைக் கொட்டிக் கூலன்ட் ஊற்றுவதும் இந்தப் பட்டியலில் உண்டு. ஒரு வாரம் தள்ளிப்போட்டதில், கொட்டிய தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் வந்தது.